தட்டுக்கு என்ன பேரு?

“சிரிச்சீங்கல்ல? அவங்களோட சேந்து நீங்களும் சிரிச்சீங்கல்ல?”

“ஒரு பேச்சுக்குச் சிரிச்சேன். அதுக்குப் போய் இந்த ஆட்டமா?”

“என் பேச்சு உங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். இனிமே நான் வாயே திறக்கல. போதுமா?”

படாரென்று கதவு சாத்தும் சத்தம். தையல்கடையின் மாடிப்படியில் பாதி ஏறியிருந்த தங்கை அப்படியே நின்றாள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் போய்த் தலையைக் கொடுப்பானேன் என்று திரும்பத்தான் பார்த்தாள். ஆனால் அக்காவின் குரல் ஒரு மாதிரி குழறியது போலிருந்தது. மேலே ஏறினாள்.

அக்காவின் வீட்டுக்காரர், தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னாச்சு மாமா?”

“பெரிய இடத்துலேருந்து அளவு கொடுக்க வந்தாங்க. உங்க அக்கா அவங்ககிட்ட, ‘வீட்டுக்கு ஒறம்பரை வர்றாங்களா, அவசரமா வேணுமா’ன்னு கேட்டா. அவங்க முழிச்சாங்க. விருந்தாளியத்தான் அவ அப்படிச் சொல்றா, கல்யாணமானதுலேருந்து நான்தான் மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவுதாம்மா.”

தங்கையின் கண் மேசை ஓரத்துக்குப் போனது. சாப்பாட்டுத் தட்டு மூடியது மூடியபடி இருந்தது. பக்கத்தில் இன்சுலின் ஊசி.

“ஊசி போட்டுட்டாளா?”

“போட்டுட்டு சாப்பிட உக்காரும்போதுதான் அவங்க வந்தாங்க.” சொல்லும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிடும் என்பது தங்கைக்குத் தெரியும். கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ கதவோடு சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது.

மாமா தோளால் இடித்தார். துணி திருட்டுப்போன பிறகு அவரே பார்த்துப் பார்த்துப் போட்ட இரும்புத் தாழ்ப்பாள், அசைந்து கொடுக்கவில்லை. அவர் தச்சருக்கு போன் போட, இவள் ஆம்புலன்சுக்குப் போட்டாள். எடுத்த நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: “வண்டி கிளம்பிடுச்சு. பேசினாங்கன்னா, விழுங்க முடிஞ்சா, இனிப்பு எதாவது வாயில போட்டுக்கச் சொல்லுங்க. தூங்க மட்டும் விட்டுடாதீங்க.”

உள்ளே மிஷின் டிராயரில், அளவு கொடுக்க வரும் குழந்தைகளுக்கென்று மிட்டாய் எப்போதும் கிடக்கும்.

“அக்கா, டிராயர்ல மிட்டாய் இருக்கு. எடுத்து வாயில போடு.”

டிராயர் திறக்கும் சத்தம் இல்லை.

“நான் பண்ணினது தப்புதான், எடுத்துப் போடுடி,” என்றார் மாமா. அதற்கும் இல்லை.

தங்கை தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் வாயை வைத்தாள். சின்ன வயதில் பாத்திரம் கழுவும்போது இருவரும் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சொல்லைச் சொல்ல, மற்றவள் அம்மா வீட்டில் சொல்வதைச் சொல்ல வேண்டும். தங்கை தப்பாகச் சொல்லிவிட்டால் அக்காவால் தாங்க முடியாது. பாதித் தூக்கத்தில் இருந்தால்கூடத் திருத்திவிட்டுத்தான் திரும்பிப் படுப்பாள்.

“அக்கா, ஓணானுக்கு என்ன பேரு?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்ல மாட்டியா? நான் சொல்றேன். ஓணானுக்கு அட்டாலி.”

அட்டாலி என்றால் பரண். மாமா இவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“தட்டுக்கு என்ன பேரு? தட்டுக்கு... ஒடக்கான். ஆமா, ஒடக்கான்ல சோறு போட்டுத் திம்போம்.”

உள்ளே நகம் கதவைச் சுரண்டியது.

“ஒடக்கான்... ஓணான்டி,” என்றது ஈரத்துணி மாதிரி ஒரு குரல். “தட்டு... வட்டல். மறந்து தொலைச்சிட்டியா?”

“மறந்துட்டேன். நீதான் சொல்லிக் குடுக்கணும். மொதல்ல மிட்டாய எடு.”

“மாட்டேன்.”

“அக்கா.”

“அந்த மனுஷனச் சொல்லச் சொல்லு.”

“என்னன்னு?”

“விருந்தாளிக்கு... என்ன பேருன்னு.”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். மாமா நாடாவைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் நுனி சிவந்துபோயிருந்தது. மண்டியிட்டுக் கதவருகே குனிந்தார்.

“ஒறம்பரை,” என்றார். மறுபடியும் சொன்னார். “ஒறம்பரைடி.”

தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் ஏதோ இழுபடும் சத்தம். டிராயர் திறந்தது. மிட்டாய்க் காகிதம் சரசரத்தது. அந்தச் சரசரப்பைக் கேட்டதும் மாமா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு போடு. நின்னுடாத. பாத்திரத்துக்கு?”

“போசி.”

“சாவிக்கு?”

“தொறப்புக்குச்சி... உன் கேள்வியெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் கேள்வி.”

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கடைசியில் தாழ்ப்பாள் க்ரீச்சென்று விலகியபோது தச்சர் உளியோடு படியேறி வந்துகொண்டிருந்தார். திறந்த கதவைப் பார்த்துவிட்டு, “அப்ப நான் எதுக்கு?” என்றார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

அக்கா வேர்வையில் நனைந்து கிடந்தாள். தரைவிரிப்பின் கோடுகள் கன்னத்தில் பதிந்திருந்தன. தங்கை அதைத் தடவினாள்.

“இதுக்கு அம்மா ஒரு பேர் சொல்லுமே, பாய்ல தூங்கி எந்திரிச்சா கன்னத்துல விழுற தடத்துக்கு.”

அக்கா யோசித்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோதும் யோசித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் யோசிக்கிறாள். இருவருக்கும் வரவில்லை. கேட்பதற்கு அம்மாவும் இல்லை. மாமா தினமும் காலையில், “ஞாபகம் வந்துச்சா?” என்று கேட்கிறார், சிரிக்காமல்.

இதைப் படிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது அந்தத் தடத்துக்கு ஒரு பேர் இருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அக்கா திருத்திவிடுவாள்.