வலப்பக்கத்து நெல்

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதக் கடைசியில், மாவட்டக் கூடைப்பந்து அணிக்கு ஆள் தெரிவுசெய்யத் தேவராசா கல்முனைக்கு வந்தார். கழுத்தில் விசில், கையில் ஒரு கோப்பு, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனை. அவர் பந்தைத் தொட்டதைக் கண்டவர் யாருமில்லை.

சோதனைக்கு நின்றவன் பள்ளிக்கூட அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் றவூப். மாவட்ட அணியில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடத்திலேயே இருக்கமாட்டான்.

ஆடுகளத்தின் வலப்பாதியில் பள்ளிக்கூட அதிபர் பக்கீர் முகைதீனின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஊரில் அவ்வளவு நல்ல சீமெந்துத் தரை வேறில்லை. அறுவடை தொடங்கிய நாள்முதல் பயிற்சியெல்லாம் இடப்பாதியில்தான்.

றவூப் இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். காலுக்கிடையால் எடுத்து, முதுகுக்குப் பின்னால் திருப்பி, கூடைக்குள் போட்டான். தேவராசா சிவப்புப் பேனையைத் திறந்தார்.

“இடக்கை சரி. வலப்பக்கமாப் போங்க தம்பி, பாப்பம்.”

“அங்கால நெல்லுக் கிடக்கு சேர்.”

“நான் நெல்லுக்குப் புள்ளி போட வரல்ல.”

‘விளையாட்டு மாணவரின் இரண்டாவது கண்’ என்று சற்றுமுன் அரைமணி நேரம் பேசிய அதிபர், இரண்டு கண்ணையும் சுருக்கினார். “இன்னும் ஒரு வெயில் காயணும் ஐயா. இந்தப் பக்கம் ஆடினது காணாதா?”

“காணாது. வலக்கை பலவீனம் எண்டு எழுதட்டா?”

நிறுத்தினால் எழுதிவிடுவார் என்பதுபோல் றவூப் நின்ற இடத்திலேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கடல் பக்கம் இடி முழங்கியது.

“சாக்கக் கொண்டாங்கடா,” என்றார் அதிபர், வராந்தாவில் நின்ற மாணவர்களிடம். “றவூப், பந்த வெச்சிட்டுக் கெதியா வா மனே. ஐயா, சும்மாதானே நிக்கிறீங்க, இந்தச் சாக்கு வாயக் கொஞ்சம் விரிச்சிப் புடிங்க.”

தேவராசா பிடித்தார். றவூப் குந்தியிருந்து இரண்டு கையாலும் நெல்லை வாரி வாரிப் போட்டான். கண் மட்டும் பந்தில் இருந்தது. தூறல் விழமுன் ஏழு சாக்கும் வராந்தாவுக்கு ஏறிவிட்டன.

தேவராசா ஒரு சாக்கில் அமர்ந்து மூச்சுவாங்கியபடி பச்சைப் பேனையால் எழுதினார்: ‘இரு கைகளும் சமபலம். வேகம் மிகச் சிறப்பு. தெரிவு.’

“சேர், நான் இன்னும் வலப்பக்கம் போகல்லயே.”

“பாத்தாச்சி தம்பி. இருவது வருசமா ஆள் தெரியிறன், எனக்குத் தெரியாதா?”

“தந்தத வாங்கிட்டுச் சும்மா இரி மனே,” என்றார் அதிபர்.

றவூப்பால் சும்மா இருக்க முடியவில்லை. வெறுமையாகக் கிடந்த வலப்பாதியில், தூறலுக்குள் இறங்கி ஓடினான். மூன்றாம் தட்டில் பந்து முழங்காலில் பட்டு, உருண்டுபோய் தேவராசாவின் சப்பாத்தடியில் நின்றது. அவர் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கோப்பை மூடினார்.

மாவட்டப் போட்டிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. றவூப் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வலப்பக்கம் ஓடினான். அதற்குள் தூறல் விட்டு வெயில் எறித்தது. அதிபர் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.