இல்லாத ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

எங்கள் மொலீசே மாகாணத்தைப் பற்றி இத்தாலி முழுக்க ஒரு நகைச்சுவை உண்டு. அப்படி ஒரு மாகாணமே கிடையாதாம். யாரும் அதைப் பார்த்ததில்லையாம். அதன் தலைநகரான காம்பொபாஸோவில், மேடும் வளைவுமான தெருக்களில், நான் முப்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இல்லாத ஊரின் சுவர்களில் என் காரை இத்தனை பேர் எப்படி உரசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் மகள் மிரெல்லா ஆறு வருஷமாக மிலானில் வேலை பார்க்கிறாள். அங்கே எதோவார்தோ என்ற பையனோடு நிச்சயமாகிவிட்டது. பையன் தங்கம். அவன் அம்மா ஒர்னெல்லாதான் வில்லங்கம். பெண் ஞானஸ்நானம் பெற்ற கோவிலில், பெண் வீட்டாரின் ஊரில் கல்யாணம் நடப்பது எங்கள் வழக்கம். அந்த அம்மாவுக்கோ கோமோ ஏரிக்கரைதான் வேண்டும். காம்பொபாஸோவுக்கு வருகிறவர்கள் எதைத்தான் பார்ப்பார்கள் என்று போனில் கேட்டாள். எனக்கு வாய்க்கொழுப்பு. ஒரு சனி ஞாயிறு வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் ஏரிக்கே போய்விடலாம் என்று சொல்லிவிட்டேன். மிரெல்லா எந்தப் பக்கமும் பேசவில்லை. அது அப்போதே பெற்றவளான எனக்கு உறுத்தியது.

வந்து இறங்கிய ஒர்னெல்லா, எதோவார்தோ, மிரெல்லா மூவரையும் சனிக்கிழமை காலை கோட்டை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றால் மலைக்குப் பின்னால் மலையாகத் தெரியும். அன்றைக்குப் பார்த்து மூடுபனி, நீட்டிய கை தெரியவில்லை. ஒர்னெல்லா சுற்றுமுற்றும் பார்த்து, ரொம்ப அழகு, எதைப் பார்க்கணும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து, தேவ நற்கருணைத் திருநாள் ஊர்வலத்தில் நாங்கள் தூக்கும் இரும்புச் சட்டங்கள் வைத்திருக்கும் கூடத்துக்குப் போனோம். அந்தச் சட்டங்களில் குழந்தைகளைச் சம்மனசு என்கிற தேவதூதர்களாகவும் பிசாசுகளாகவும் அந்தரத்தில் கட்டித் தெருத்தெருவாகச் சுமப்போம். ஐந்து வயதில் மிரெல்லாவும் சம்மனசாகத் தொங்கியிருக்கிறாள், பயப்படாமல் எல்லோருக்கும் முத்தம் பறக்கவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். எங்கள் ஊராக இருந்தால் போலீஸ் வந்திருக்கும் என்றாள் சம்பந்தியம்மா. மிரெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது எதோவார்தோ ஓட்டினான். நான் அவன் பக்கத்தில் இருந்தேன். பயிற்சிக் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பின்னால் இருந்த ஒர்னெல்லா, இந்தப் பனியில் ஒன்றுமே தெரியவில்லையே, அப்போது ஜனங்கள் சொல்வது உண்மைதான் போல, மொலீசே இல்லவே இல்லை என்றாள். அது எனக்குப் பழகிய ஊசி. ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் மகள். என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. எல்லோரும் ஒருமுறை முன்னால் போய் வந்தார்கள். பூனை என்று சொன்னேன். பூனையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து மாவு பிசைந்து, விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக் கவதெல்லி பாஸ்தா செய்தேன். பன்றிக்கறிக் குழம்பு மூன்று மணி நேரம் கொதித்தது. மதியம் பெரிய பாத்திரத்தை மேசை நடுவில் வைத்தேன். வாசனைக்கே எதோவார்தோ நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

ஒர்னெல்லா மடியில் கைத்துணியை விரித்துக்கொண்டே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அன்பாகத்தான் ஆரம்பித்தாள்.

“மிரெல்லாவைத் தப்பு சொல்ல முடியாது, இன்கொரொனாத்தா. எங்க கிட்டயே சொந்த ஊரு நேப்பிள்ஸ் பக்கம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. ஆபீஸ்லயும் அப்படித்தான். பாவம், வேற என்ன சொல்லுவா?”

மிரெல்லாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். ஆறு வருஷமாக என் பெண் தன் ஊரை மறைத்திருக்கிறாள். கோவில் போனால் போகட்டும், ஏரி வந்தால் வரட்டும். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். பாத்திரத்தைத் தூக்கினேன்.

“இல்லாத ஊர்ல சாப்பாடு ஏது, சம்பந்தியம்மா?” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மிரெல்லா பின்னாலேயே ஓடிவந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“மானத்த வாங்குறியேம்மா.”

“உன் மானம் நேப்பிள்ஸ்லதானே இருக்கு. இங்க யாரு வாங்கினா?”

“பேரச் சொன்னாலே சிரிக்கிறாங்க. தெனம் அதே ஜோக். ஒரு நாள் நீ கேட்டுப் பாரு.”

“சிரிக்கட்டும். அவங்களுக்குப் பல்லு இருக்கு, சிரிக்கிறாங்க. நீ ஏன்டி கூடச் சேர்ந்து சிரிக்கிற?”

அழுவாள் என்று நினைத்தேன். அழட்டும், இந்த முறை சமாதானம் சொல்லப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவள் என் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

மேசையருகே நின்றாள். உட்காரவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தாள்.

“நான் நேப்பிள்ஸ் பக்கம் இல்ல. காம்பொபாஸோ. இங்கதான் பொறந்தேன், இங்கதான் கல்யாணம். எந்த ஊர்ல சாப்பிடுறீங்கன்னு சொல்லிட்டுத் தட்ட நீட்டுங்க.”

எதோவார்தோ யோசிக்கவே இல்லை. “காம்பொபாஸோ” என்று தட்டை நீட்டினான். மிரெல்லா அவனுக்குக் குவித்துப் போட்டாள்.

ஒர்னெல்லா மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது என்ன, ஜோக்கா?” என்றாள்.

“ஆமா. எங்க ஊரு ஜோக்” என்றாள் என் மகள். “சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. எதோவார்தோ மட்டும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சமையலறை வாசலில் கைகட்டி நின்றேன். அந்த அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாலும் சரி, பட்டினியாக மிலானுக்குத் திரும்பினாலும் சரி, எனக்குக் கவலை இல்லை. என் மகள் வாயால் நான் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது.

ஒர்னெல்லா தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். பிறகு தட்டை நீட்டி, மெதுவாக ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

“கேக்கல” என்றாள் மிரெல்லா.