ஜீப்பில் ஒட்டியிருந்த பத்மலோசனி

கண்ணாயிரத்தின் ஜீப்பில் ஏறுகிறவர்கள் முதலில் முருகனைக் கும்பிடுவார்கள், அடுத்து பத்மலோசனியைப் பார்த்துச் சிரிப்பார்கள். முன்கண்ணாடிக்கு வலப்பக்கம் முருகன், இடப்பக்கம் அந்த அம்மாள். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். அடிவாரத்து அமிர்தியிலிருந்து மலைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிற வண்டியில் ஒரு பழைய நடிகைக்கு என்ன வேலை என்று கேட்டால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அந்த மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு கியரைப் போடுவார். அவ்வளவுதான் பதில்.

அவர் பெண்டாட்டி ஜெயம்மாளுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? ஒரு நாளாவது 'நல்லா இருக்கியே' என்று சொன்ன புருஷன் இல்லை. குழம்பு ருசியாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார், அதுதான் பாராட்டு. ஆனால் பத்மலோசனி நடித்த பழைய பட்டாளச் சண்டைப் படம் ஒன்று டிவியில் வந்துவிட்டால் போதும், சந்நிதியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிடுவார். ஜெயம்மாள் உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள், மாடு அப்போதுதான் குடித்திருந்தாலும் சரி. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூட அவள் பார்த்ததில்லை. பிள்ளை பெற்று, வீடு கட்டி, தலையும் நரைத்த பிறகும், இந்த மனுஷன் மனசில் தான் இரண்டாவது ஆள்தானோ என்கிற முள் மட்டும் உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தைப் போடப்போவதாகக் காலையிலிருந்தே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலையில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போன கண்ணாயிரம், வண்டி பஞ்சர், வர சாயங்காலம் ஆகும் என்று போன் செய்தார். அப்போதுதான் ஜெயம்மாளுக்கு யோசனை வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அவளிடம் என்று இன்றைக்குப் பார்த்தே தீருவது. வெறும் தளுக்குக்காரி என்று தெரிந்தால், வண்டி வந்ததும் அதில் ஒட்டியிருக்கும் படத்தைக் கிழித்து அடுப்பில் போடுவது. துணைக்குப் பக்கத்து வீட்டுத் தேவியையும் கூப்பிட்டுக்கொண்டாள். குறை சொல்லவும் ஒரு ஆள் துணை இருந்தால்தானே ருசி.

படம் தொடங்கி வெகுநேரம் குண்டுதான் வெடித்தது. கதாநாயகன் ஒரு கையால் சுட்டான், இன்னொரு கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். கதாநாயகி வேறொருத்தி. பனி கொட்டுகிற இடத்தில் மெல்லிசுப் பட்டுப்புடவையில் வந்து பாடினாள். சளி பிடிக்காதா என்று தேவி கவலைப்பட்டாள்.

"யக்கா, உங்க சக்களத்திய எங்க காணோம்?"

அவள் பாதிப் படத்துக்கு மேல்தான் வந்தாள், ஒரு சாதாரண சிப்பாயின் பெண்டாட்டியாக. பின்னாளில் ஊரையே மயக்கிய கண்சிமிட்டலும் பெரிய கொண்டையும் இன்னும் வந்து ஒட்டாத முகம். ஒல்லிக் கழுத்து, எண்ணெய் வழிகிற தலை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சினிமாவுக்குப் புதுசு என்பது பார்த்தாலே தெரிந்தது. இவளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஜெயம்மாள் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

படத்தில் லீவு முடிந்து அவள் புருஷன் பெட்டியைத் தூக்குகிறான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முறத்தில் தானியம் புடைக்கிறாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை, முறத்தின் சத்தம் மட்டும். அவன் வாசற்படி தாண்டியதும் முறம் நின்றது. அவள் முகத்தைக் காட்டவே இல்லை. முதுகைத்தான் காட்டினார்கள். தோள்பட்டை இரண்டும் மெல்ல ஏறி, இறங்க மறந்து நின்றன. பிறகு முறம் மறுபடி ஆடியது, ஆனால் புடைக்கிற தாளம் தப்பிப் போயிருந்தது.

"மூஞ்சியே காட்டாம இன்னா அழுவ அழுவுறா பாருக்கா," என்று தேவி மூக்கைச் சிந்தினாள். ஜெயம்மாள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் உள்ள ஊர் அது. லீவு முடிந்து போகிறவன் முதுகைப் பெண்டாட்டி பார்க்கக் கூடாது, பார்த்தால் அதுவே கடைசிப் பார்வை ஆகிவிடும் என்பது அங்கே பெண்களுக்குள் ஒரு வழக்கம். ஆண்கள் காதில் அதைப் போடவும் கூடாது, போட்டால் அவன் உயிருக்கான காப்பு போய்விடும். கல்யாணமான புதிதிலேயே மாமியார் சொல்லிவைத்தது. ஒவ்வொரு லீவு முடியும்போதும் ஜெயம்மாள் முறத்தில் சாமையைக் கொட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவர் ஓய்வு பெற்று ஜீப் ஓட்ட வந்த பிறகும், பழக்க தோஷம், வழியனுப்ப அவள் வாசலுக்கு வந்ததில்லை.

சாயங்காலம் கண்ணாயிரம் வந்து சேர்ந்தார். ஜெயம்மாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"உங்க ஆளு படத்தப் பாத்தேன். அவள இன்னாத்துக்கு வண்டியில ஒட்டி வச்சிருக்கீங்க? இன்னிக்காவது வாயத் தொறந்து சொல்லுங்க."

மீசைக்குப் போன கை பாதியில் நின்றது. மெதுவாகத்தான் சொன்னார். முதல் இரண்டு லீவிலும் அவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாராம். பெண்டாட்டி கல்லு மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாளாம். பிடிக்காத பெண்ணை வலுக்கட்டாயமாகக் கட்டிவைத்துவிட்டார்கள் போல என்று ரயிலெல்லாம் அதே நினைப்பாம். அடுத்த லீவுக்கு ஊருக்கே போகவேண்டாம் என்று முடிவு கட்டியிருந்த சமயத்தில், முகாமில் வெள்ளைத்துணி கட்டி இந்தப் படத்தைப் போட்டார்களாம்.

"அந்தப் பொம்பள மொறத்த நிறுத்துனா பாரு, அப்பதான் எனக்கு வெளங்குச்சி. லீவு போட்டு ஓடியாந்தேன். திரும்பிப் போறப்ப படி தாண்டி நின்னு பாத்தேன். உன் மொறமும் நின்னுச்சி."

ஜெயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

"இத்த ஏங்க இத்தினி வருஷமா சொல்லல?"

"நீதான் திரும்பவே இல்லியேமே. யார்கிட்ட சொல்றது?"

மறுநாள் காலை கண்ணாயிரம் மலைக்குக் கிளம்பினார். தெருவிலேயே இரண்டு பேர் மூட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜெயம்மாள் கனகாம்பரத்தோடு வந்து முருகனுக்கு ஒரு துண்டும் பத்மலோசனிக்கு ஒரு துண்டும் சொருகினாள். சாயங்காலம் திரும்பிவிடுகிற வண்டிதானே, பட்டாளமா என்ன? ஜீப் நகர்ந்தது. அவள் வாசலிலேயே நின்று, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரின் முதுகைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

பக்கக் கண்ணாடியில் அதைக் கண்ட கண்ணாயிரம், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கியரைத் தப்பாகப் போட்டு வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். மறுபடியும் பஞ்சரா என்று பின்னால் இருந்தவர்கள் இறங்கி டயரைப் பார்த்தார்கள்.