பதினோரு சொடக்கு

கீழே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று, என் வாயில் மிச்சமிருக்கும் ஆறு பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஆறில் இரண்டு கட்டிய பல். அவை சாட்சிக்கு வராது, ஏனென்றால் கட்டியவரே இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்.

பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்பது என் தொழில். வாங்குவது நன்றாக நடந்தது. கிராமபோன் வந்த புதிதில், ஆபரா என்கிற மேல்நாட்டுப் பாட்டு நாடகப் பாடகிகள் பாடிய அரக்குத் தட்டுகள், அதிலும் ஒரு பக்கம் பாட்டும் மறுபக்கம் மொட்டையுமாக இருக்கும் ஆதிகாலத்து ரகம் என்றால் எனக்கு உயிர். அப்படி ஆயிரத்து நானூறு தட்டு சேர்ந்துவிட்டது. தரையில் வைத்தால் ஈரம் ஏறும். அலமாரியில் வைத்தோம், அலமாரி எங்களை நோக்கி நடந்து வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாக நிறுத்திவிட்டு நானும் என் மனைவியும் நாற்காலிகளில் உட்கார்ந்து தூங்கினோம். ஒன்பது வருஷம். தூரத்து ஊருக்கு பஸ்ஸில் போகிற மாதிரியே இருக்கும், ஊர்தான் வராது.

"எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். ஒரே ஒரு தடவை காலை நீட்டிப் படுக்கணுங்க. செத்தாதான் நீட்ட முடியும்னா சொல்லிடுங்க, அதுக்கும் நான் ரெடி" என்பாள்.

நியாயமான கோரிக்கைதான். ஆனால் ஆயிரத்து நானூறு தட்டை மொத்தமாக வாங்க யார் வருவார்கள்?

பல் டாக்டர் வந்தார். அவர் இருபது வருஷமாக ஒரே ஒரு பாடகியைத் தேடிக்கொண்டிருந்தவர். அந்த அம்மாள் வாழ்நாளில் ஒரே ஒரு தட்டுக்குப் பாடினாள், போட்டுக் காட்டியதும், "உங்கள் பெட்டிக்குள் ஆடு கட்டியிருக்கிறீர்களா?" என்று கம்பெனிக்காரரைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தத் தட்டு, மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் மாடிப்படியில், பூந்தொட்டிக்கு அடியில் எனக்குக் கிடைத்தது. தண்ணீர் வடியாமல் இருக்க வைத்திருந்தார்கள். நல்ல வேலையும் செய்திருந்தது.

"அது மட்டும் முழுசா இருந்து, பாடவும் பாடிச்சுன்னா, கட்டில்ல இருக்கிற அத்தனையும் நானே எடுத்துக்கறேன் சார். லாரியோட வரேன்" என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று பேச்சு.

அன்று காலை ஒன்பது மணிக்கு என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்குக் கிடைக்கப்போகிற கட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஓரத்திலிருந்த ஒரு வரிசையை நகர்த்திவிட்டு, மெதுவாக உட்கார்ந்தாள். அந்த ஓரத்தில்தான் பாடகி உறைக்குள் படுத்திருந்தாள்.

'டக்' என்று ஒரு சத்தம். மூன்று துண்டு.

"நாற்காலிதான்னு என் தலையில எழுதியிருக்கு" என்றாள். அப்புறம், "ஏங்க, ஒட்டலாமா?"

"ஒட்டலாம். பாடாது."

"அப்ப நான் பாடறேன்."

விளையாட்டுப் பேச்சில்லை. என் மனைவி மூன்றாவது மாடியிலிருந்து காய்கறி வண்டியைக் கூப்பிட்டால் தெருக்கோடியில் பஸ் நிற்கும். ஏற வேண்டிய அவசியமே இல்லாதவர்கள்கூட ஏறிப் போயிருக்கிறார்கள். குரல் பிரச்சினை இல்லை. பிரச்சினை டாக்டருடைய காது. அவர் பாட்டைக் கேட்க மாட்டார். "பாட்டை எவ வேணா பாடிடலாம். தட்டோட இரைச்சலை எவனாலயும் பொய்யா பண்ண முடியாது சார்" என்பது அவருடைய கொள்கை. இரைச்சலைத்தான் காது குளிரக் கேட்பார்.

அடுப்பில் வாணலி ஏறியது. எண்ணெய் காய்ந்ததும் ஈரமான உருளைக்கிழங்குத் தோலைப் போட்டாள். சொர்ர்ர் என்று சத்தம் எழுந்தது. நூறு வருஷத்து அரக்கு அப்படியே வந்து நின்றது. விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சொடக்', கீறல். கிராமபோனின் பெரிய குழாயைக் கழற்றி, அதன் ஒல்லி நுனியை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைத்துத் திரை போட்டோம். மெஷினில் ஏதோ பேண்டு வாத்தியத் தட்டு ஒன்றைச் சுழலவிட்டு, முள் அதில் படாமல் தீக்குச்சி உயரத்தில் நிறுத்தினேன்.

டாக்டர் வந்தார், உட்கார்ந்தார், கண்ணை மூடினார். "நாள் முழுக்க வாயைத் திறந்தவங்க கத்தறதைக் கேக்கறேன். ஒரு அஞ்சு நிமிஷம் நிம்மதியா கேக்கவிடுங்க" என்றார்.

ஆரம்பித்தாள். அந்தப் பாட்டின் மொழி அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆகவே தன் வாழ்க்கையையே பாடினாள். உயிரெழுத்தை மட்டும் இழுத்து இழுத்து மெய்யெழுத்தை விழுங்கிவிட்டதால் எனக்கு மட்டும்தான் புரிந்தது: இடுப்பு வலி, வீங்கிய கால், என் அம்மா அவளைச் சொன்ன ஒரு சொல், அதற்கு நான் சொல்லாத பதில். வழக்கமாக இதற்குப் பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றுதான் முழுசாகக் கேட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், கடைசிப் பகுதி நன்றாகவே இருந்தது.

டாக்டர் கன்னத்தில் கண்ணீர். "துரோகம் பண்ணினவனை நினைச்சுப் பாடறா, இல்ல?"

"ஆமா டாக்டர். படுபாவி."

"கடைசியில அவனை மன்னிச்சுடறாளோ?"

திரைக்குப் பின்னால் சொர்ர்ர் சத்தம் பலமாகியது. "அப்படித் தெரியலை" என்றேன்.

"இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன். பாடினாள். முடிந்ததும் டாக்டர் கண்ணைத் திறந்தார். பார்வை சரியில்லை.

"சார், முதல் தடவை பதினோரு சொடக்கு. இப்ப பதினாலு."

தட்டில் இருக்கிற கீறல் நூறு தடவை போட்டாலும் அதே இடத்தில், அதே எண்ணிக்கையில்தான் சொடுக்கும். இந்தத் தொழிலில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே கரண்டி கீழே விழுந்தது. ஒன்பது வருஷமாக மடங்கியிருந்த இரண்டு கால்கள் என் ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தன.

"கீறல் குட்டி போட்டிருக்கு டாக்டர்" என்றேன். "ஒவ்வொரு தடவை முள்ளை வைக்கும்போதும் தேயுதில்லையா? இன்னொரு தரம்னு நீங்கதானே கேட்டீங்க."

டாக்டரின் முகம் வெளுத்தது. "அந்த மூணும் என்னால வந்ததா?"

"உங்களாலயேதான்."

"ஐயையோ! எடுங்க சார் முள்ளை! இனிமே இந்தத் தட்டை யாருமே போடக் கூடாது. நானே கால்ல விழுந்து கேட்டாலும் போடக் கூடாது!"

அழுகிற மனிதரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. "டாக்டர், உண்மையைச் சொல்லிடறேன். தட்டு மூணு துண்டா கிடக்கு. பாடினது என் வீட்டுக்காரி."

டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். "பிரிய மனசு வரலை, அதானே? உங்களை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

என் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "நிஜமா நான்தாங்க பாடினேன். வேணும்னா மூணாவது தடவையும் பாடறேன்."

"நீங்களுமாம்மா? புருஷன் சொல்லிட்டாருன்னு இப்படியா?" என்று அவளை ஆறுதலாகப் பார்த்தார். தொண்டை கிழியப் பாடியும் பேர் கிடைக்காத கோபத்தில் அவள் கரண்டியை ஓங்கினாள்; நான் வாங்கிக்கொண்டேன். மெஷினில் சுற்றுவது பேண்டு வாத்தியம், உறையையாவது பிரித்துப் பாருங்கள் என்று நீட்டினேன். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று டாக்டர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே துண்டுகள் கலகலத்தன. "இதயம் அடிச்சுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

லாரி வந்தது. மத்தியானத்துக்குள் கட்டில் காலி.

என் மனைவி படுத்தாள். முதலில் ஒரு காலை நீட்டினாள், அப்புறம் இன்னொன்றை. கணுக்காலுக்குக் கீழே கட்டிலுக்கு வெளியே தொங்கியது. பாரத்தில் கட்டில் குறுகிவிட்டதா, உட்கார்ந்தே இருந்ததில் அவள் வளர்ந்துவிட்டாளா, தெரியவில்லை. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் பக்கத்தில் படுக்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"உங்களுக்குத்தான் ரெண்டு நாற்காலி இருக்கே" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.