கையை விடாத டாக்டர்

கல்யாணத்தன்று என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவே இல்லை. சுற்றி நின்ற தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடு. ‘அடேயப்பா, இந்த மனுஷருக்கு என் மேல் இத்தனை ஆசையா!’ என்று உள்ளுக்குள் பறந்துகொண்டிருந்தேன். அவர் மெல்லக் குனிந்து என் காதில் சொன்னார்:

“நாடி ரொம்ப வேகமா ஓடுது. காலைல எதுவும் சாப்பிடலையா?”

டாக்டருக்குக் கழுத்தை நீட்டினால் இப்படித்தான் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

எங்கள் வீடு மாடியில். கீழே அவருடைய கிளினிக். முன்னறையில் இரண்டு நீள பெஞ்சு, எடை பார்க்கும் மெஷின். உள்ளே திரை போட்ட கட்டில், பக்கத்தில் ஓர் இ.சி.ஜி. மெஷின். பின்கதவைத் திறந்தால் வாலிபால் கோர்ட். கார் நிறுத்த ஒரு கொட்டகை போடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடம் அது. கொட்டகையும் வரவில்லை, காரும் வரவில்லை. இரண்டு கம்பமும் ஒரு வலையும் வந்தன. வலை கிழிந்தால் காயத்துக்குத் தையல் போடுகிற நூலாலேயே தைத்துவிடுவார்.

“டாக்டர், என் முழங்கால்ல போட்ட தையலைவிட வலைல போட்டது ரொம்ப அழகா இருக்கே” என்பார் கூட ஆடுகிற பிளம்பர்.

“வலை கத்தாதுய்யா. நீ கத்தினே” என்பார் இவர்.

சாயங்காலம் ஆனதும் ஸ்டெதஸ்கோப்பை ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்கால் சட்டையோடு இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு காய்ச்சல் என்று வருகிறவர்கள் கோர்ட் ஓரத்தில் நிற்க வேண்டியதுதான். பந்து வெளியே போய் யாராவது எடுத்து வருவதற்குள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, தொண்டையைத் தடவி, மருந்தும் சொல்லிவிடுவார். ஒரு புள்ளியும் விட மாட்டார், ஒரு நோயாளியையும் விட மாட்டார்.

அந்தக் கோர்ட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உள்ளே இறங்குகிற எவரும் முதலில் டாக்டருக்குக் கை கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்காகக் கை குலுக்குகிறார் என்று நினைப்பார்கள். அவருடைய விரல் மணிக்கட்டில் உட்கார்ந்திருப்பது பிறகுதான் தெரியும். கையை விட்டுவிட்டால், ஆடலாம். விடாமல், “இன்னிக்கு நீ ஸ்கோர் போடு” என்றால், அவ்வளவுதான். ஏன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டார். பின்னால் கூப்பிட்டுத் தனியாகச் சொல்வார்.

ஸ்கோர் போடச் சொன்னதற்குப் பேக்கரிக்காரர் ஒருமுறை எகிறிக் குதித்தார். “எனக்கு என்ன குறைச்சல்? மாவு மூட்டையை ஒத்த ஆளா தூக்கறவன் நான்!” மறுவாரமே அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்த பிறகு முதல் வேலையாக டாக்டரிடம் வந்து கையை நீட்டினார். இன்றுவரை அவர் கண்ணில் டாக்டர் சாதாரண மனிதருக்கு ஒரு படி மேல்தான். மற்றவர்களுக்கும் அப்படியே. எனக்கு மட்டும்தான், கூடவே குடித்தனம் நடத்துகிறேனா, அந்த பிரமிப்பு வராமல் இருந்தது.

எனக்குச் சில வருடங்களாக நெஞ்சுப் படபடப்பு. தினம் காலையில் ஒரு மாத்திரை. அதை விழுங்க ஆரம்பித்த பிறகு என் நாடி, பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எழுந்திருக்காத வாட்ச்மேன் மாதிரி ஆகிவிட்டது. டீ கொடுக்கும்போது தினமும் என் கையைப் பிடித்துப் பார்ப்பார். நான் பால் கார்டு, கரண்ட் பில், ஒழுகும் குழாய் என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருப்பேன்.

“கத்தறது நீ மட்டும்தான். நாடி அது பாட்டுக்கு வாக்கிங் போகுது” என்று சிரிப்பார்.

எங்கள் மகனுக்குக் கோர்ட்டில் வைத்த பெயர் ‘ஏணி’. அத்தனை உயரம். அவன் எழும்பி அடித்தால் எதிர்ப் பக்கம் இருப்பவர்கள் தலையைக் குனிவார்கள், பந்தைத் தடுக்க அல்ல, தப்பிக்க. பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியோடு இறுதிப் போட்டி. எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் செலக்டர் ஏணியைப் பார்க்கவென்றே வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் பத்து வயதிலிருந்து இதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தான், எழுந்தான். “சரியாப் போச்சும்மா” என்றான். முகம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. நானும் சூப் வைத்துக் கொடுத்து, சரி என்றே நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் முதலே கூட்டம். மாடிப்படி, மதில் சுவர், கிளினிக் ஜன்னல் என்று ஒரு இடம் பாக்கியில்லை. தொப்பி வைத்த செலக்டர் முன்வரிசை நாற்காலியில். ஏணி கோர்ட்டைச் சுற்றி ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, வியர்வை வழிய, மூச்சு வாங்க வந்து அப்பாவிடம் கையை நீட்டினான். நான் தண்ணீர் பாட்டில்களோடு பக்கத்தில்தான் நின்றேன்.

இவர் கையைப் பிடித்தார். விடவில்லை.

பிளம்பர் இருமினார். பேக்கரிக்காரர் வானத்தைப் பார்த்தார். இவர் மகனுடைய முகத்தைப் பார்த்தார், அப்புறம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

“இன்னிக்கு நீ ஸ்கோர் போடு.”

ஏணி கையை இன்னும் முன்னால் நீட்டினான். “அப்பா... என் நாடில என்னப்பா தப்பு? எண்ணிப் பாருங்க. நிதானமாத்தானே இருக்கு?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

என்னால் பொறுக்க முடியவில்லை. பாட்டில்களைக் கீழே போட்டேன்.

“ஏங்க, உங்களுக்கே இது நல்லா இருக்கா? ஊரான் வீட்டுப் பிள்ளைங்கன்னா தட்டிக் குடுத்து அனுப்பறீங்க. பெத்த பிள்ளைக்கு மட்டும் குறுக்கே நிக்கறீங்க! அந்த மனுஷர் எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கார்! இந்த ஒரு நாளை விட்டா இவனுக்கு வேற நாள் ஏது?”

அவர் மகனின் மணிக்கட்டை இடது கையில் பிடித்தபடியே, வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் உதறினேன். விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை ஜனம் பார்க்க, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ரேடியோவில் தூரத்து ஸ்டேஷனைத் தேடுகிறவர் மாதிரி தலையைச் சாய்த்து நின்றார்.

பிறகு எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்:

“நீ இவ்வளவு கோவத்துல இருக்கே, உன் நாடி வாக்கிங் போகுது. இவன் இவ்வளவு ஓடிட்டு வந்திருக்கான், இவனுதும் வாக்கிங் போகுது. ரெண்டும் ஒரே நடை.” கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். “கை உன்னுது. நாடி உங்கம்மாவுது. எப்படா போட்டே மாத்திரையை?”

ஏணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் தினமும் என் கையைப் பிடித்ததை நான் வைத்தியம் என்றே நினைத்திருந்தேன். நான் நடக்கும் நடையை விரலில் எழுதி வைத்திருக்கிறார். வேறொருவர் உடம்புக்குள் அது நடந்து போனால்கூட, ‘இது என் வீட்டுக்காரி’ என்று அடையாளம் கண்டுகொள்கிறார்!

“காலைல... அம்மா டப்பால இருந்து எடுத்தேன்” என்றான் ஏணி, தலையைத் தூக்காமல். “காய்ச்சலுக்கு அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாலே நெஞ்சு அடிச்சுக்குதுப்பா. படி ஏறினா நின்னு நின்னு ஏற வேண்டியிருக்கு. உங்க கைல மாட்டினா விட மாட்டீங்கன்னு தெரியும். அந்த மாத்திரை போட்டா நாடி அடங்கும்னு நீங்கதானே அம்மாகிட்ட சொல்லுவீங்க...”

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய திருட்டுத்தனம்!

இவர் திட்டவில்லை. மகனைத் தோளில் தாங்கிக் கிளினிக்குள் கூட்டிப் போனார். திரை போட்ட கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சில் அந்தச் சின்னச் சின்னக் கிண்ணங்களை ஒட்டி, இ.சி.ஜி. மெஷினைப் போட்டார். காகிதம் சரசரவென்று வெளியே வந்தது. பின்ஜன்னல் வழியாக விசில் சத்தம் கேட்டது. போட்டி ஆரம்பித்துவிட்டது. எங்கள் கோர்ட்டில் டாக்டர் இல்லாமல் நடந்த முதல் ஆட்டம் அதுதான்.

காகிதத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்தார். பிறகு இதய டாக்டருக்குப் போன் செய்தார். பேசியது பாதிதான் எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு, புரியும்படி சொன்னார்.

“காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆனா போற போக்குல இதயத்தோட தசையைப் புண்ணாக்கிட்டுப் போயிருக்குன்னு நினைக்கறேன். ஓய்வு குடுத்தா ஆறிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும்.”

“இன்னிக்கு ஆடியிருந்தா?” என்று கேட்டேன்.

அவர் காகிதத்தை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார். குரலிலும் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. கல்லா இந்த மனிதர் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்தேன். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் விரலை அவர் வைப்பது போலவே வைத்தேன்.

தடதடவென்று ஓடியது. கதவை உடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்ப்பதுபோல் இருந்தது.

“என்னங்க இது?”

“நீ வாயால கத்தறே” என்றார் மெதுவாக. “நான் இங்க கத்தறேன்.”

பேக்கரிக்காரர் பாதி ஆட்டத்தில் கோர்ட்டை விட்டு ஓடிவந்து, ரொட்டி வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஏணி கால் நீட்டிப் படுத்திருந்தான். அப்பாவின் விரல் அவன் மணிக்கட்டை விட்டு வழியெல்லாம் எழவே இல்லை. அவர் நினைத்தது சரிதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போட்டியில் நாங்கள் கேவலமாகத் தோற்றோம். ஆள் குறைந்துபோய் டெய்லரை இறக்கியிருக்கிறார்கள். அவர் பந்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர். செலக்டர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக ஏணி ஸ்கோர் போட்டான். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு, “டெய்லர் சார், கண்ணைத் திறங்க, பந்து கடிக்காது!” என்று கத்திக்கொண்டு.

சென்ற வாரம் இதய டாக்டர் இனி ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் கோர்ட் ஓரத்தில் மறுபடியும் கூட்டம். ஏணி வந்து அப்பாவிடம் கையை நீட்டினான். இவர் வாங்கவில்லை.

“உங்கம்மாகிட்ட குடு.”

“எனக்கு என்னங்க தெரியும்?”

“பிடி. தெரியும்.”

பிடித்தேன். அவன் நாடி துள்ளிக் குதித்தது. பள்ளிக்கூட மணி அடித்ததும் வாசலுக்கு ஓடுகிற பிள்ளைகள் மாதிரி. எனக்குப் பயமாகிவிட்டது.

“ஏங்க... ரொம்ப ஓடுதுங்க!”

“ஓடட்டும்” என்றார் டாக்டர், வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு. “இது அவனுது. கையை விடு.”

விட்டேன்.