ஆறு கட்டில், ஒரே முகம்

2003 ஆகஸ்டு 11, திங்கட்கிழமை. சென்னையை அடுத்த படப்பையில் ஒரு வாடகை வீட்டில், பட்டப்பகலில், ஆறு இளைஞர்களின் குருதிநீரை, அதாவது பிளாஸ்மாவை, வடித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

கேட்கப் போனவன் வனமாமலை ஒருவனே. அவனும் அருள்பாண்டியும் நாங்குநேரிப் பக்கத்துக்காரர்கள். ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலை, ஒரே அறை. சில வாரங்களாக ஷிப்டு முடிந்ததும் அருள்பாண்டி அந்த வீட்டுக்குப் போய்வந்தான்.

"ரத்தத்தயால விக்க?" என்று வனமாமலை மறித்துக் கேட்டிருந்தான்.

"ரத்தம் இல்லல. அத மெஷின்ல சுத்தி, செவப்ப எனக்கே திருப்பி ஏத்திருதாவ. மேல தெளிஞ்சு நிக்க மஞ்சத் தண்ணியத்தான் எடுக்காவ. ரெண்டு செம்பு தண்ணி குடிச்சா ஊறிரும். நீ என்ன, எங்க அம்மையா?"

குடித்த நீர் குருதியில் தங்கவில்லை, கால்களில் இறங்கியது. வனமாமலை அவன் கணுக்காலை விரலால் அழுத்தினான். பதிந்த குழி மேலெழவே இல்லை. காலையில் சவரக்கத்தி கீறிய இடம் மாலையிலும் கசிந்தது.

அதனாலேயே அந்தத் திங்கட்கிழமை வனமாமலை அந்த வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். உள்ளே ஆறு கட்டில்கள். ஆறு முகங்களும் ஒன்றுபோல ஊதி, கண்கள் வெறும் கோடுகளாகி, மெழுகாய் வெளுத்திருந்தன. தன் நண்பன் எவனென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பாண்டி!"

ஆறு தலைகளும் மெல்லத் திரும்பின.

ஊசி போடும் கன்னியப்பன் இரு கைகளிலும் சிவப்புப் பைகளோடு நின்றான். "இன்னாபா கத்துற? பேரு எழுத மறந்துட்டேன். எல்லாம் ஒரே செவப்புதான், எத மாட்னா இன்னா?" என்று சிரித்தபடி ஒரு பையை மூன்றாம் கட்டிலின் மேல் மாட்டினான். வேறு வகைக் குருதியாக இருந்தால் உயிர் போய்விடும்.

அக்கட்டிலிலிருந்து, "வந்துட்டியால" என்ற குரல் எழுந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

வனமாமலை நண்பனின் கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கினான். துளையிலிருந்து வழிந்த குருதி உறையவில்லை. துணியால் அழுத்தியபடியே அவனை ஷேர் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

மஞ்சள் தண்ணீரைத்தான் எடுத்தார்கள் என்று வனமாமலை சொன்னதும், "வெறும் தண்ணியா?" என்று சீறினார் மருத்துவர் கனகலட்சுமி. "பத்துல ஒம்பது பங்கு தண்ணிதான். மிச்சத்துலதான் உசுரு இருக்கு. தண்ணிய ரத்தக்குழாய்ல பிடிச்சு வைக்கற புரதம், காயத்த உறையவைக்கற புரதம், நோயத் தடுக்கற புரதம். உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாத்தையும் சுமந்துட்டுப் போறதும் அதுதான்."

குருதிநீர் நிறைந்த மஞ்சள் பையொன்று ஏற்றப்பட்டது. சற்று நேரத்தில் கசிவு நின்றது. அருள்பாண்டி பிழைத்தான். வனமாமலையோ காலியான பையையே பார்த்துக்கொண்டிருந்தான். இது எவன் உடம்பிலிருந்து வந்தது?

தொழிற்சாலை ஆட்களோடு அவன் படப்பைக்குத் திரும்பியபோது வீடு காலியாகிவிட்டிருந்தது. மற்ற ஐவரையும் காணவில்லை; வேறெங்கோ படுக்கவைத்திருப்பார்கள். முகம் ஊதிய இளைஞன் எவனாவது உங்கள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.