ஒளித்துவைத்த விண்டோ

மாமனாரின் பட்டறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்குப் புரோகிராம் எழுதுவது இதுநாள்வரை மூத்த மருமகளின் வேலை. இளையவள் கல்யாணமாகி வந்தாள், வந்த சூட்டோடு பட்டறைக்கும் வந்தாள். அன்றிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்? கோழிப்பண்ணைக்காரர் கேட்ட புதுப் பெட்டியை மாமனார் இளையவளிடம் கொடுத்துவிட்டார். இன்று அது சரியாக ஓடினால் இனி எல்லாப் பெட்டியும் அவளுக்குத்தான். மூத்தவள் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காலையில் இளையவள் வெளியே போன நேரம் பார்த்து மூத்தவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புதுப் பெட்டியை இயக்கும் அந்தப் போர்டு அப்படி என்னதான் பேசுகிறது என்று பார்த்துவிட வேண்டும். சீரியல் வயர் வழியே போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் விண்டோவைத் திறந்தாள். சூடு, ஈரம், விசிறி எல்லாம் வரிவரியாக வந்தன. சுத்தமாக எழுதியிருந்தாள், பாவி. செருப்புச் சத்தம் கேட்டதும் விண்டோவைச் சுருக்கிவிட்டு எழுந்துகொண்டாள்.

பண்ணைக்காரர் வந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சூட்ட மட்டும் ஒரு டிகிரி கொறைச்சுக் குடுங்கம்மா."

அது ஒரு வேலையா? இளையவள் புரோகிராம் ஃபைலில் ஓர் எண்ணை மாற்றிப் போர்டுக்கு அனுப்பினாள். போகவில்லை. போர்டில் இருந்த பொத்தானை அழுத்தினாள், மறுபடி அனுப்பினாள். அப்போதும் போகவில்லை.

"என்னம்மா, வந்தவர இப்படிக் காக்க வெச்சுக்கிட்டு?" என்றார் மாமனார்.

மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் சுருக்கென்றது. சீரியல் வயரை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். இப்போது பிடித்துக்கொண்டிருப்பது அவள் சுருக்கி வைத்த விண்டோ. சொன்னால் தன் மானம் போகும், சொல்லாவிட்டால் இளையவளின் பேர் போகும். போகட்டுமே என்றது மனசு, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இளையவள் ஸ்க்ரீனின் அடியில் எதையோ பார்த்தாள். மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எனக்குப் புரியலக்கா. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

மூத்தவள் உட்கார்ந்தாள். மாமனாருக்குத் தெரியாதபடி சாய்ந்துகொண்டு விண்டோவை மூடினாள். ஃபைலை அனுப்பினாள். சரசரவென்று போய்ச் சேர்ந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது.

"மூத்தவ மூத்தவதான்! இனிமே உன் கை படாம ஒரு பெட்டியும் வெளிய போகக் கூடாது" என்றார் மாமனார். மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பண்ணைக்காரர் போன பின் இளையவள் காபி டம்ளரை எடுக்கக் குனிந்தாள். மூத்தவளின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த தடவ பாக்கணும்னா என்னையே கூப்பிடுங்கக்கா. பக்கத்துல உக்காந்து சேந்தே பாக்கலாம்."

குத்தல் இருக்கிறதா என்று மூத்தவள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். மருந்துக்குக்கூட இல்லை.

கெட்டிக்காரியாக இருந்ததையாவது எப்படியோ பொறுத்துக்கொண்டிருக்கலாம். இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே! காலையில் எரிந்ததைவிட இப்போதுதான் வயிறு அதிகமாக எரிந்தது.